எந்த இரண்டு கோல்?

2014 மே 24ஆம் தேதி ஜெர்மன் ஹேண்ட்பாலின் முதல்நிலை லீக்கான புண்டஸ்லீகாவின் பட்டத்தை இரண்டு கோல் முடிவு செய்தது. ஓர் ஆட்டத்தில் இரண்டு கோல் என்றால் பேச ஒன்றுமில்லை, வாரந்தோறும் நடப்பதுதான். இது மொத்த சீசனுக்கும் சேர்த்து இரண்டு கோல். பதினெட்டு அணிகள், ஆளுக்கு 34 ஆட்டங்கள். ஆகஸ்டில் தொடங்கி மே கடைசி வரை ஓடி முடித்த பிறகு, கீல் நகரத்தின் டிஹெச்டபிள்யூ அணியும் மன்ஹைமில் ஆடும் ரைன்-நெக்கர் லோவன் அணியும் 59:9 என்று (எடுத்த புள்ளி 59, விட்ட புள்ளி 9) ஒரே புள்ளியில் நின்றன. கோல் வித்தியாசத்தை, அதாவது அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்த மிச்சத்தை, எடுத்துப் பார்த்தார்கள். கீலுக்கு இரண்டு கூட. அவ்வளவுதான், கோப்பை கீலுக்குப் போனது. ஆட்டத்துக்கு முப்பது கோல் என்று வைத்துக்கொண்டால்கூட ஒவ்வோர் அணியும் சீசனில் ஆயிரத்தைத் தொட்டிருக்கும். அந்த ஆயிரத்தில் எந்த இரண்டு?

இந்தக் கேள்வியைக் கிளப்பிவிட்டவர் ஒரு நண்பர். என்னைவிட மூத்தவர், கல்லூரிக் காலத்தில் கோல்கீப்பராக நின்றவர், அதனால் உலகத்தின் மேல் இயல்பாகவே கொஞ்சம் மனக்குறை உள்ளவர். "தம்பி, அது ஜெயிச்சு எடுத்த கப் இல்ல, கூட்டிக் கழிச்சு எடுத்த கப்" என்பது அவர் கட்சி. விதி எல்லாருக்கும் ஆகஸ்டிலேயே தெரியும், அப்புறம் மே மாதத்தில் புலம்பி என்ன பயன் என்பது என் கட்சி. என் பதிலில் ஓட்டை எதுவும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் பட்டப் போட்டி கடைசி நாள் வரை இழுக்கும்போதெல்லாம் இந்தப் பேச்சு திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் என் பதில் எனக்கே கொஞ்சம் வழுக்குகிறது. விதி தெரியும் என்பது ஒரு விஷயம். அந்த விதி எதை அளக்கிறது என்பது வேறு விஷயம்.

ஏழு கோல் முன்னிலை

கடைசி நாள் காலையில் நிலவரம் இப்படி இருந்தது. புள்ளியில் இருவரும் சமம். கோல் வித்தியாசத்தில் லோவன் ஏழு கோல் முன்னால். கீல், பத்தாயிரம் பேர் அமரும் தன் சொந்த அரங்கில் பெர்லினின் ஃபுக்ஸே அணியைச் சந்திக்கிறது. லோவன், கும்மர்ஸ்பாகுக்குப் போகிறது. பன்னிரண்டு முறை ஜெர்மன் பட்டம் வென்ற பழம்பெருமை உள்ள கிளப் அது, ஆனால் அந்தப் பெருமையெல்லாம் எப்போதோ முடிந்த கதை. இந்த நாளைப் பற்றிப் பேசும்போது அதிகம் பேர் கவனிக்காத ஒன்று உண்டு. கீலின் பயிற்சியாளர் அல்ஃபிரெத் கிஸ்லசன், லோவனின் பயிற்சியாளர் குட்முந்துர் குட்முந்த்சன், கீலை எதிர்த்து ஆடிய பெர்லினின் பயிற்சியாளர் டாகுர் சிகுர்த்சன், மூவரும் ஐஸ்லாந்துக்காரர்கள். அப்போது மூன்றேகால் லட்சம் பேர் வாழ்ந்த ஒரு தீவிலிருந்து வந்த மூன்று பேர் கையில்தான் உலகத்தின் மிகக் கடினமான லீக் என்று சொல்லப்படுவதன் கடைசி மாலை இருந்தது. இதில் கருத்தெல்லாம் ஒன்றுமில்லை, எனக்குப் பிடித்திருக்கிறது என்பதால் சொல்கிறேன்.

ஏழு கோல் என்பதைக் கால்பந்துக் கண்ணோடு பார்க்கக் கூடாது. ஹேண்ட்பாலில் அது ஒரு மோசமான பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் எதிரணிக் கீப்பர் சூடுபிடித்துவிட்டால், உங்கள் ஆள் ஒருவர் தண்டனையாக இரண்டு நிமிடம் வெளியே உட்கார நேர்ந்தால், ஏழு கோல் காற்றில் போய்விடும். ஆனால் அன்று இரண்டு வேறு அரங்குகளில், வேறு எதிரணிகளோடு, ஒரே நேரத்தில் இந்த வித்தியாசம் கரைய வேண்டும். கீல் ஜெயித்தால் மட்டும் போதாது, லோவன் ஜெயிக்கும் அளவைவிட எட்டு கோல் அதிகமாக ஜெயிக்க வேண்டும். லோவன் எவ்வளவில் ஜெயிக்கும் என்பது கீலின் கையில் இல்லை.

லோவன் 40:35 என்று வென்றது. கீல் 37:23 என்று வென்றது. பதினான்கிலிருந்து ஐந்தைக் கழித்தால் ஒன்பது, ஒன்பதிலிருந்து ஏழைக் கழித்தால் இரண்டு.

இந்த இரண்டு ஸ்கோர்களையும் நான் பலமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பொதுவாக எல்லாரும் பேசுவது 37ஐப் பற்றி, அல்லது பதினான்கு கோலில் தோற்ற பெர்லினைப் பற்றி. என் கண் போவது 35க்கு. பட்டம் வேண்டும் என்று போன அணி நாற்பது கோல் அடித்திருக்கிறது. வெளியூர் அரங்கில் நாற்பது என்பது எந்த சீசனிலும் பெரிய எண்ணிக்கை. ஆண்டி ஷ்மித் நடுவில் நின்று ஆட்டத்தை நடத்த, இடது ஓரத்தில் உவே கென்ஸ்ஹைமர் இருந்த அணி அது. கென்ஸ்ஹைமர் ஓரத்திலிருந்து குதித்தால், கோணமே இல்லாத இடத்திலிருந்து மணிக்கட்டைத் திருப்பிப் பந்தைச் சுழற்றி விடுவார். பிசின் தடவிய பந்து கீப்பரின் காலைத் தாண்டித் தரையில் பட்டு, போகிற திசையை விட்டுவிட்டு வலைக்குள் திரும்பும். கோல் அடிப்பது அந்த அணிக்கு ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் அடித்த நாற்பதுக்கு எதிராக முப்பத்தைந்து வாங்கியிருக்கிறார்கள். அதுவும் நிக்லாஸ் லாண்டின் போன்ற ஒரு கீப்பரை வைத்துக்கொண்டு.

இங்கேதான் ஹேண்ட்பாலின் ஒரு குணம் வெளியே வருகிறது. வித்தியாசம் வேண்டும் என்று வேகத்தைக் கூட்டினால் வித்தியாசம் கூடும் என்று தோன்றும். கூடாது. ஒரு கோல் விழுந்தால் பந்து அடுத்தவரிடம் போகிறது. பந்தை வைத்துக்கொண்டு காலம் கடத்தினால் நடுவர் எச்சரித்துக் கையைத் தூக்கிவிடுவார். ஆக இரு தரப்புக்கும் தாக்குதல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். நீங்கள் வேகமாக ஓடினால் எதிரிக்கும் அதே அளவு வாய்ப்பு கூடுகிறது. ஸ்கோர் இரண்டு பக்கமும் ஏறும், இடைவெளி அப்படியே நிற்கும். இடைவெளியை உண்டாக்குவது தடுப்பும் கீப்பரும்தான். கோல் மழை தேவைப்பட்ட அந்த மாலையில் கீல் செய்த உண்மையான காரியம் 37 அடித்தது இல்லை, 23க்கு மேல் விடாதது. இதைச் சொன்னபோது நண்பர் முகத்தில் முதல்முறையாக ஒரு திருப்தி தெரிந்தது. கீப்பர்களுக்கு இந்த மாதிரிப் பேச்சு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் அவர் அதோடு விடவில்லை. எதிரே நின்றது யார் என்று கேட்டார். நியாயமான கேள்வி. பெர்லின் அந்த ஏப்ரலில்தான் ஹாம்பர்கில் ஃப்ளென்ஸ்புர்கை 22:21 என்று தோற்கடித்து லீக்கோடு சேராத தனிப் போட்டியான ஜெர்மன் கோப்பையை வாங்கியிருந்தது, கிளப் சரித்திரத்தில் முதல்முறையாக. கீலுக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்னால் சொந்த ஊரிலேயே ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான ஈஹெச்எஃப் கோப்பையின் இறுதிச் சுற்றை நடத்தி, அதில் ஆடி, அந்தக் கோப்பையைத் தவறவிட்டிருந்தது. லீக் பட்டப் போட்டியில் அது இல்லவே இல்லை. வேண்டுமென்று விட்டுக்கொடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை, நண்பரும் சொல்லவில்லை. பத்து கோல் பின்னால் இருக்கும்போது, சீசனின் கடைசி கால் மணி நேரத்தில், இன்னொருவரின் பட்டத்துக்காக உடம்பைக் கொண்டுபோய் ஒரு ஆறடி நாலங்குல ஆள் மேல் யாராவது மோதுவார்களா என்பதுதான் கேள்வி. மனசு வேண்டாம் என்று சொல்ல வேண்டியதே இல்லை. கால் தானாக அரை நொடி தாமதமாகப் போகும். அந்த அரை நொடிதான் கோல்.

இரக்கத்துக்கு விலை

கடைசி நாளை மட்டும் பார்த்தால் அந்த இரண்டு கோலும் அங்கேதான் விழுந்தன என்று தோன்றும். அது கண்ணுக்குத் தெரிகிற இடம், அவ்வளவுதான். கணக்கில் செப்டம்பர் கோலுக்கும் மே கோலுக்கும் ஒரே மதிப்பு. என் எண்ணம் திரும்பியது இந்த இடத்தில்தான்.

கோல் வித்தியாசத்தில் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது? கீலும் லோவனும் ஃப்ளென்ஸ்புர்க், ஹாம்பர்க் மாதிரி அணிகளோடு மோதும்போது இரண்டு, மூன்று கோலுக்குள்தான் பெரும்பாலும் முடியும். ஒரே ஆட்டத்தில் பத்து, பன்னிரண்டு என்று சேர்வது அடித்தட்டு அணிகளிடமிருந்து. அந்த சீசனில் எம்ஸ்டெட்டன், ஐசனாஹ் என்று இரண்டு அணிகள் அப்போதுதான் இரண்டாம் நிலை லீக்கிலிருந்து மேலே ஏறி வந்திருந்தன, சீசன் முடிந்ததும் இரண்டுமே கீழே இறங்கின. சின்ன ஊர்கள், சின்ன பட்ஜெட். ஆக, சமமான இரண்டு வலிய அணிகளில் எது மேல் என்று முடிவு செய்யக் கோல் வித்தியாசம் போய்க் கேட்கிற சாட்சி, மெலிந்த அணிகள். எளியவனை யார் அதிகமாக அடித்தார் என்பதே அளவுகோல். நேராகச் சொன்னால் கேட்க நன்றாக இல்லை.

அந்த மாதிரி ஓர் ஆட்டத்தின் ஐம்பத்திரண்டாவது நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 30:19 என்று இருக்கிறது. பெரிய அணியின் பயிற்சியாளர் முதல் ஆறு பேரில் நால்வரை உட்கார வைத்துவிட்டார். இரண்டாவது கீப்பர் உள்ளே. புதன்கிழமை ஐரோப்பிய ஆட்டம் இருக்கிறது, வலது பின்வரிசைக்காரருக்குத் தோளில் பனிக்கட்டிப் பை கட்டியாகிவிட்டது. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் களத்தில் இறங்குகிறான், முதல் தடவை. ஒரு கோல் வாங்கியதும் இரண்டாவது கீப்பர் வலையிலிருந்து பந்தை எடுத்து நடுக்கோட்டுக்கு எறிய வேண்டும். ஆட்டம் இறுக்கமாக இருக்கும்போது அது ஒரு நொடியில் நடக்கும், எதிரணி திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து நடுவில் இருக்கும். இப்போது அவர் குனிந்து, நிதானமாக எடுத்து, பிசினைக் கால்சட்டையில் துடைத்து, உருட்டி விடுகிறார். தாக்குதலுக்கென்று இருப்பவரும் தடுப்புக்கென்று இருப்பவரும் பெஞ்சருகே கை தட்டிக்கொண்டு ஆற அமர இடம் மாறுகிறார்கள். பையன் ஓரத்திலிருந்து ஒன்றை அடித்துக் கம்பத்தில் விடுகிறான். பயிற்சியாளர் சிரிக்கிறார், கை தட்டுகிறார். எதிரே எளிய அணி இரண்டு கோல் போடுகிறது, அந்த ஊர்க்காரர்கள் எழுந்து நின்று கொண்டாடுகிறார்கள். ஆட்டம் 33:25. எட்டு கோலில் வெற்றி, எல்லாருக்கும் சந்தோஷம். பதினொன்று இருந்தது எட்டானதை யாரும் எண்ணவில்லை. இது ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தின் விவரணை இல்லை. ஹேண்ட்பால் பார்க்கிறவர்கள் எல்லாரும் பார்த்த, ஒவ்வொரு வாரமும் எங்காவது நடக்கிற எட்டு நிமிடம்.

இதில் எந்தத் தவறும் கிடையாது. நல்ல பயிற்சியாளர் இதைத்தான் செய்ய வேண்டும். பையன்கள் எப்போது ஆடிப் பழகுவது? எதிராளிக்கும் ஒரு மானம் வேண்டாமா? ஆனால் 2014ஐப் பார்த்த பிறகு அந்த எட்டு நிமிடத்தை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. லோவனின் 34 ஆட்டங்களில் இப்படி எத்தனை எட்டு நிமிடங்கள் இருந்திருக்கும்? கீலுக்கும் இருந்திருக்கும். கம்பத்தில் பட்ட பந்து, பையனின் கையிலிருந்து நழுவிய பந்து, கீப்பர் உருட்டிவிட்ட பந்து. சிறுவாட்டுக் காசு மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சேர்ந்ததும் தொலைந்ததும்தான் கடைசியில் எண்ணப்பட்டது. எந்த இரண்டு என்று யாராலும் கை காட்ட முடியாது. ஒரு பெனால்டியைத் தவறவிட்டவன் இருந்தால் பழியை அவன் தலையில் போடலாம். இங்கே பழி போட ஆளே இல்லை. தோல்வியில் இதைவிடக் கொடுமையான வகை இருக்கிறதா என்று தெரியவில்லை.

நண்பருடைய வாதம் இதைக் கேட்டதும் இன்னும் பலமானது. "பார்த்தியா, நல்ல மனசுக்கு அபராதம்." என் வாதம் ஆடியது, ஆனால் விழவில்லை. ஏனென்றால் அதே விதியைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். கோல் வித்தியாசம் எண்ணப்படும் என்று தெரிந்தால், அடித்தட்டு அணியின் கடைசி எட்டு நிமிடத்துக்கும் ஓர் அர்த்தம் வருகிறது. எம்ஸ்டெட்டனின் ஒவ்வொரு தடுப்பும் பட்டப் போட்டியில் ஒரு கை. முடிந்துபோன ஆட்டம் என்று ஒன்று இல்லாமல் ஆகிறது. தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் அணிக்கு இதைவிடப் பெரிய மரியாதை லீக் வேறெப்படிக் கொடுக்கும்? ஒரே விதி ஒருபக்கம் எளியவனைக் கசக்கச் சொல்கிறது, இன்னொருபக்கம் அவன் போடும் கோலுக்குப் பொன் விலை வைக்கிறது.

வேறு கணக்கு, அதே கீல்

சரி, நேருக்கு நேர் ஆடிய இரண்டு ஆட்டங்களை வைத்து முடிவு செய்தால் என்ன? 2021இல் அப்படித்தான் நடந்தது. இருபது அணிகள், 38 ஆட்டங்கள், கொரோனா காலம். கீலும் ஃப்ளென்ஸ்புர்கும் 68:8 என்று சமமாக முடித்தன. அப்போது முதலில் பார்க்கப்பட்டது கோல் வித்தியாசம் இல்லை, இருவரும் மோதிய ஆட்டங்களின் கணக்கு. அதில் கீல் மேலே. பட்டம் கீலுக்கு, 22ஆவது தடவையாக. அதற்கு முந்தைய வருடம் சீசனே பாதியில் நின்றுபோனபோது, புள்ளியை ஆடிய ஆட்டங்களால் வகுத்து ஒரு விகிதம் எடுத்தார்கள். அதிலும் கீல். கழித்தல், வகுத்தல், ஒப்பிடுதல் என்று மூன்று விதக் கணக்கிலும் கோப்பை ஒரே ஊருக்குப் போயிருக்கிறது. இதற்கு நண்பர் சொன்ன விளக்கம் இங்கே எழுதத் தக்கதல்ல. 2014க்கு இரண்டு வருடம் முன்பு, 2012இல், 34 ஆட்டங்களையும் ஜெயித்து 68:0 என்று முடித்த ஊரும் அதுதான், அந்த வருடம் எந்தக் கணக்கும் தேவைப்படவில்லை என்று நான் நினைவுபடுத்தினேன்.

2021இன் கடைசி நாள் எனக்கு இன்னொரு காரணத்தால் மறக்காது. கீல் அன்று ஆடியது மன்ஹைமில், லோவன் அணியோடு. தோற்றால் பட்டம் போய்விடும் என்ற நிலையில் ஆட்டம் 25:25 என்று முடிந்தது. கீலுக்கு அந்த ஒற்றைப் புள்ளி போதுமாக இருந்தது. அன்று கீலின் பயிற்சியாளர் ஃபிலிப் யீஹா, 2014இல் அதே அணியின் ஆட்டக்காரர். கீல் அணியின் கீப்பர் நிக்லாஸ் லாண்டின், 2014இல் இரண்டு கோலில் பட்டம் இழந்த லோவனின் கீப்பர், அடுத்த வருடமே கீலுக்கு மாறியவர். லோவன் அணியிலோ ஷ்மித், கென்ஸ்ஹைமர், க்ரோட்ஸ்கி என்று அந்தப் பழைய ஆட்கள் இருந்தார்கள். ஏழு வருடம் முன்னால் பதிமூன்று கோலிலாவது ஜெயிக்க வேண்டியிருந்த கிளப்புக்கு இன்று ஒரு டிரா போதும். இன்னோர் அரங்கில் ஃப்ளென்ஸ்புர்க் எத்தனை கோலில் ஜெயித்தாலும் அந்த எண்ணிக்கைக்குப் பயன் இல்லை. சுத்தமான விதி. இரண்டு வலியவர்களின் கேள்விக்கு அந்த இரண்டு பேரிடமே பதில் கேட்கிறது. அறிவு இதற்குத்தான் ஓட்டுப் போடுகிறது. ஆனால் 2014 மாதிரி, ஓர் ஊரில் விழும் ஒவ்வொரு கோலுக்கும் இன்னோர் ஊரில் பத்தாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கழித்தல் போடும் மாலை இந்த விதியில் வராது. அதை இழந்தது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

லோவனைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: 2016இல் அவர்களுக்குப் பட்டம் கிடைத்தது, அதுவும் கடைசி நாளில், ஃப்ளென்ஸ்புர்கைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக. ஜனவரியில் ஹாம்பர்க் திவாலாகி விலகியதால் அந்த சீசன் ஆளுக்கு 32 ஆட்டங்களாகச் சுருங்கியிருந்தது. 2017இலும் வென்றார்கள். 2018இல் ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஃப்ளென்ஸ்புர்கிடம் விட்டார்கள். 2025இல் பெர்லின் தன் முதல் லீக் பட்டத்தை உறுதிசெய்ததும் மன்ஹைமில்தான், கடைசி நாளில், லோவனை 38:33 என்று வென்று. மற்றவர்கள் பட்டம் எடுக்கும் அரங்காகவும் அந்த ஊர் அரங்கு ஆகிவிட்டது.

நண்பருடைய கடைசி ஆயுதம், தனி ஆட்டம். புள்ளி சமமா, இரண்டு பேரையும் ஒரு பொது அரங்கில் நிறுத்து, அறுபது நிமிடம், முடிவு. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 2014இல் அதை எப்போது வைப்பது? லீக் முடிந்த அடுத்த வாரமே கொலோனில் சாம்பியன்ஸ் லீக் இறுதிச் சுற்று, கீல் அதில் இருந்தது. இறுதியில் 28:30 என்று தோற்றது, தோற்றது ஃப்ளென்ஸ்புர்கிடம், லீக் பட்டியலில் கீலுக்கும் லோவனுக்கும் கீழே முடித்த அணியிடம். அந்த ஃப்ளென்ஸ்புர்க்தான் முந்தைய நாள் அரையிறுதியில் பார்சிலோனாவை ஏழு மீட்டர் எறிதல் (ஹேண்ட்பாலின் பெனால்டி) வரை இழுத்துப்போய் 41:39 என்று வென்றிருந்தது. ஆக அந்த வருடம் லீக் கீலுக்கு, ஜெர்மன் கோப்பை பெர்லினுக்கு, ஐரோப்பா ஃப்ளென்ஸ்புர்குக்கு, 59 புள்ளி எடுத்த லோவனுக்கு ஒன்றுமில்லை.

"அப்போ ஆகஸ்ட்ல வைக்கலாம்" என்றார். ஆகஸ்டில் குட்முந்த்சன் டென்மார்க் தேசிய அணியின் பயிற்சியாளராகப் போயிருந்தார், லோவனின் பெஞ்சில் நிகோலாய் யாகப்சன் உட்கார்ந்திருந்தார், கீலின் இடது ஓரத்துக்காரர் குட்யோன் வாலுர் சிகுர்த்சன் பார்சிலோனா சட்டையில் இருந்தார். யாரை வைத்து ஆடுவது என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.